யாழுக்குச் சொன்ன நான்கு குற்றங்கள்

ஒற்றை ஸ்பீக்கரை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒலிப்பெட்டிகளைப் பற்றி இலக்கியப் பத்திரிகை படிப்பவர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பதிகமும் பாசுரமும் பாடப்பட்டே உயிர்தரித்து வந்த ஒரு மொழியில், காதைப் பற்றிய பேச்சு எப்போது இலக்கியத்துக்கு வெளியே போயிற்று என்பது நாம் அவர்களிடம் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வி. ஓசை கெட்டால் பாட்டுக் கெடும். பாட்டுக் கெட்டபின் அதைப் பற்றி எழுதப்படும் திறனாய்வு யாருக்கு?

விஷயம் இதுதான். தஞ்சாவூரிலும் கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களிலும் பழைய ரேடியோ ஸ்பீக்கர்களைத் தேடிப்பிடித்து, அவற்றுக்கு மரப்பெட்டியோ மண்பானையோ கொடுத்துப் பாட்டுக் கேட்கிற சிலர் இருக்கிறோம். எங்களைப் பற்றி இருவகைப் பேச்சுகள் உலவுகின்றன. நல்ல கம்பெனிப் பெட்டி வாங்க வக்கில்லாதவர்களின் மனச்சமாதானம் என்பது ஒன்று. இதை எதிர்த்துக் கிளம்பியது மற்றொன்று: ஒற்றை ஸ்பீக்கரே சத்தியம், மற்றதெல்லாம் மாயை என்கிற பக்தி. முதல் தரப்பு விலைப்பட்டியலை நம்புகிறது. இரண்டாம் தரப்பு குருமார்களை நம்புகிறது. காதை நம்புகிறவர்கள் இரண்டிலும் இல்லை. ஓசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை காதுக்கு உரியது, அந்தத் தீர்ப்பை எழுதத் தேவையான சொற்கள் தமிழில் முன்பே இருக்கின்றன என்பது நம் கட்சி. அச்சொற்களைக் கொண்டு அளந்தால் இந்தப் பெட்டிகளுக்கும் குற்றம் உண்டு. ஆனால் பெருங்குற்றவாளி நம் வீட்டுக்குள் இல்லை, வீதியில் இருக்கிறான் என்பதும் தெரியவரும்.

*

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுவோம். ஃபுல் ரேஞ்ச் என்று கடைக்காரர்கள் சொல்லும் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஓசை முதல் உயர்ந்த ஓசை வரை எல்லாவற்றையும் ஒரே காகிதக் கோன் ஒலிக்கிறது. கடைகளில் இன்று கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வேலையைப் பங்குபோட்டுக் கொடுப்பவை. கீழோசைக்கு வூஃபர், மேலோசைக்கு ட்வீட்டர், இரண்டுக்கும் நடுவே ஓசையை வெட்டிப் பிரிக்கும் கிராஸ்ஓவர். காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளால் காகிதக் கோனை இயக்கும் ஒலிபெருக்கிக்கு 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் இன்றைய உருவத்தைக் கொடுத்தார்கள். 1930-களில் இங்கிலாந்தில் பால் வாய்ட் பெரிய கோனின் நடுவே ஒரு சிறு கோனை ஒட்டி, மேலோசையை அதனிடம் ஒப்படைத்தார். நாங்கள் வைத்திருப்பது அந்த வழியில் வந்தது: எட்டு அங்குலக் காகிதக் கோன், நடுவில் சிறு கோன், 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஏறக்குறைய 50 லிட்டர் கொள்ளும் பெட்டி, பக்கத்துக்கு ஐந்து வாட் தரும் ஆம்ப்ளிஃபையர்.

இதில் அயல்நாட்டு மோகம் எதுவும் இல்லை. டெல்டாவின் காது ஒற்றைக் கோனில் வளர்ந்த காது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியதிலிருந்து, காவிரிக்கரைக் கிராமங்கள் கச்சேரி கேட்டது வால்வு ரேடியோவின் மரக்கூட்டுக்குள் இருந்த ஒரே ஸ்பீக்கரில்தான். பிறகு டேப் ரெக்கார்டர் வந்த காலத்தில் டீக்கடைகளிலும் சலூன்களிலும் பானை ஸ்பீக்கர் வந்தது. மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பதித்து, வாய் மேல்நோக்க வைத்துவிடுவார்கள். கோனின் முன்பக்கத்து ஓசையும் பின்பக்கத்து ஓசையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் தடுப்பது பெட்டியின் முதல் வேலை. தடுக்காவிட்டால் கீழோசை செத்துப்போகும். அந்த வேலையைப் பத்து ரூபாய்ப் பானை செய்தது. அடைபட்ட காற்றின் அதிர்வு பற்றி ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் எழுதிய நூலை அந்த ரேடியோ மெக்கானிக்குகள் படித்திருக்க வேண்டியதில்லை. கடத்தை மடியில் வைத்து வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஓசையை மாற்றுகிறவர்களின் ஊரில், பானைக்குள் காற்று என்ன செய்யும் என்பது சொல்லித் தெரியவேண்டிய செய்தி அல்ல.

*

இனி, சொற்கள். ஒலிப்பெட்டிகளைப் பற்றித் தமிழில் எழுத முனைபவர்கள் இருவகையில் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் ஆங்கிலப் பத்திரிகைகளின் உருவகங்களை அப்படியே பெயர்த்து, ஓசை 'வெதுவெதுப்பாக' இருந்தது, 'வெளிச்சமாக' இருந்தது என்று எழுதுகிறார்கள். தமிழில் வெதுவெதுப்பு வெந்நீருக்கு உரியது. மற்றொரு சாரார் தேன், பால், அமுதம் என்று மூன்று பண்டங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேன் போல் இருந்தது என்பதால் எதுவும் தெரியவராது. எந்த இடத்தில், எந்தச் சுரத்தில், எதனால் இனித்தது அல்லது கசந்தது என்பதல்லவா செய்தி?

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில், புகாரின் மாளிகை மேனிலையில் மாதவி தனித்திருந்து யாழை எடுக்கிறாள். கோவலன் பிரிந்து போயிருக்கிறான். அந்த இடத்தில் இளங்கோவடிகள் நரம்பிசையின் குற்றங்கள் நான்கைப் பெயர்சொல்லி நிறுத்துகிறார்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. அடியார்க்கு நல்லார் பழைய சூத்திரங்களை எடுத்துக்காட்டி இவற்றை விளக்குகிறார். பண்ணோடு ஒட்டாமல் இன்பமற்று ஒலிப்பது செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. வாய்விட்டு ஒலிக்காமல் மழுங்கிப்போவது கூடம். இழைந்து செல்லாமல் சிதறுவது அதிர்வு. அதோடு நில்லாமல் குற்றத்தின் காரணத்தையும் அந்த மரபு தேடுகிறது. நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம் முதலியவற்றில் யாழ் செய்தால் இக்குற்றங்கள் வரும் என்கிறது. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் 1892-இல் அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய நாள்முதல் இந்தப் பக்கம் நம் கையில் இருக்கிறது. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக அதை வைத்திருக்கிறோம்.

இந்த நான்கும் இசையைப் புகழும் சொற்கள் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். இவை ஓசையில் என்ன கெட்டது, கருவியில் எங்கே கெட்டது என்று கேட்கிற தொழிற்சொற்கள். கைவினைஞரும் பாணரும் பேசிக்கொண்ட சொற்களாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் இவை இன்றைக்கும் உதவுகின்றன.

*

எங்கள் பெட்டிகளை இந்நான்கின் முன் நிறுத்துவோம்.

செம்பகையில் தொடங்கலாம். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய திருமுறை ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, லகர ளகர ழகரங்கள் வருமிடங்களை மட்டும் கேட்டோம். தமிழாசிரியர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. இந்த மூன்றையும் காது வேறுபடுத்த உதவும் ஓசைக்கூறுகள் பெரும்பாலும் 1500 ஹெர்ட்ஸுக்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் விழுகின்றன. வூஃபரும் ட்வீட்டரும் பங்கு பிரித்துக்கொள்ளும் எல்லைக்கோடு பல பெட்டிகளில் 2000-க்கும் 3000-க்கும் இடையில் போடப்படுகிறது. அதாவது ழகரத்தின் நடுமுதுகில் கத்தி விழுகிறது. வெட்டி ஒட்டுவதைச் செம்மையாகச் செய்த பெட்டிகளும் உலகில் உண்டு, அவற்றின் மேல் நமக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் நடுத்தர விலையில் நம் கடைத்தெருவில் கிடைப்பவற்றில் ஓதுவாரின் மார்பு ஓரிடத்திலும் நாக்கு வேறிடத்திலும் இருப்பது போன்ற ஒட்டாமை கேட்கிறது. இதற்குச் செம்பகை என்று பெயர்வைப்பதில் தவறில்லை. ஒற்றைக் கோனில் அந்த வெட்டு இல்லை. குரல் ஒரே வாயிலிருந்து வருகிறது. ழகரம் ழகரமாக நிற்கிறது.

நாதஸ்வரத்தில் இது இன்னும் துலங்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுரத்தில் ஊன்றி நின்று மேற்சுரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற கமகம் ஒரே மூச்சின் பாதை. பங்கு பிரித்த பெட்டியில் அந்தப் பாதை நடுவழியில் வண்டி மாறுகிறது. ஒற்றைக் கோனில் மாறுவதில்லை. தவிர, 78 சுழற்சி இசைத்தட்டில் மிக உயர்ந்த ஓசைகள் பதிவானதே குறைவு. அங்கே ட்வீட்டர் எடுத்துத் தருவது பெரும்பாலும் தட்டின் கீறல் சத்தம்தான்.

அடுத்தது கூடம். இதில் எங்கள் பெட்டிகள் குற்றவாளிக் கூண்டில் நிற்கத்தான் வேண்டும். ஜால்ராவின் ஓசை தேய்ந்துபோகிறது. தம்புராவின் மேலோசைத் திரை மெலிந்துவிடுகிறது. எட்டு அங்குலக் கோன் சுமார் 1700 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓசையை நாலாபுறமும் பரப்பாமல் டார்ச் விளக்கைப் போல நேரே வீசத் தொடங்கும். கோனுக்கு நேரே உட்கார்ந்தவருக்கு ஓதுவார் பாடுவார், பக்கத்தில் பாய்போட்டு உட்கார்ந்தவருக்குக் கம்பளிக்குள்ளிருந்து பாடுவார். பானையிலோ வேறு விதமான கூடம்: அடைபட்ட காற்று தனக்குப் பிடித்த ஒரே சுருதியைத் திரும்பத் திரும்ப முனகும். இலவம்பஞ்சு அடைத்தால் முனகல் தணியும், முற்றாகப் போகாது.

அதிர்விலும் குற்றம் உண்டு. ஒரே கோன் தவிலின் தொப்பி அடியையும் சுமந்து, நாதஸ்வரத்தின் மேற்சுரத்தையும் இழைக்க வேண்டியிருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு தொப்பி அடிக்கும் மேற்சுரம் ஆடிக் கலங்குகிறது. தொப்பியின் கனமும் பாதிக்கு மேல் வருவதில்லை. வலந்தலையின் விரல்சொற்கள் மட்டும் அரிசி பொறுக்கினாற்போல் தனித்தனியாக விழும். மேல்நாட்டு வாத்தியக்குழு இசை என்றால் கேட்கவே வேண்டாம், நாற்பது பேர் ஒரு படகில் ஏறிய கதை.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. செம்பகையில் இவை பெரும்பாலும் தப்புகின்றன. கூடம், அதிர்வு இரண்டிலும் பிடிபடுகின்றன. குரல், நாதஸ்வரம், வீணை ஆகியவற்றை அடக்கமான அளவில், ஓரிருவர் நேரே உட்கார்ந்து கேட்பதற்கு இவற்றை மிஞ்சுவது கடினம். அதற்கு அப்பால் இவற்றிடம் எதிர்பார்க்கலாகாது. ஒற்றைக் கோன் பக்தர்கள் இந்தக் கணக்கின் இரண்டாம் பாதியை மறைக்கிறார்கள். கருவிக்குக் குற்றமே இல்லை என்று சொல்லத் தொடங்கியவுடன் கேட்பது நின்று பூசை தொடங்கிவிடுகிறது. ஜப்பானில் வீட்டிலேயே பெட்டி செய்யும் கலைக்கு ஆயிரக்கணக்கானவர்களைப் பழக்கிய நாகாவோகா தெத்சுவோ ஒன்றல்ல, பற்பல பெட்டி வரைபடங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். ஒன்றே முடிந்த முடிபு என்று கருதியிருந்தால் அடுத்ததை அவர் ஏன் வரைந்திருக்க வேண்டும்?

*

முதல் தரப்புக்கு வருவோம். காது ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்பது இவர்களின் வேதம். எண்ணை நாமும் மதிக்கிறோம். ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் கூட்டி, சுருதிக் கணக்குகளைப் போட்டு, வித்வான்களை வீணையோடு உட்காரவைத்துச் சோதித்து, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். அவர் தொழிலால் சித்த வைத்தியர். விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்த அடிகள் நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணக்கிட்டு எழுதிய யாழ்நூல், 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறி, கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் வெளியீடாக வந்தது. எண்ணும் காதும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மண் இது. அவர்கள் காதில் பட்டதை எண்ணால் சரிபார்த்தார்கள். காதுக்குப் பதிலாக எண்ணை வைக்கவில்லை.

நம் கடைத்தெருவின் எண்களோ வேறு சாதி. பெட்டியின் நெற்றியில் பி.எம்.பி.ஓ. ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று அச்சிட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த அளவைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தரவரையறை எதுவும் கிடையாது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை விடப் பன்மடங்கு ஓசைத்திறனைப் பெட்டி வெளியிடும் என்று நம்பி வாங்கியவர்களில் இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். எங்கள் பெட்டி ஐந்து வாட்டில் பாடுகிறது என்றால் சிரிக்கிறார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் கோனுக்கு ஓட்டுவீட்டுக் கூடத்தில் ஐந்து வாட் தாராளம். அதற்கு மேல் கேட்கிறவருக்கு இசை வேண்டியிருக்கவில்லை, ஆர்ப்பு வேண்டியிருக்கிறது.

*

அந்த ஆர்ப்பைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும். நான்கு குற்றங்களில் மற்ற மூன்றும் கருவியின் குற்றங்கள். ஆர்ப்பு பெரும்பாலும் மனிதன் விரும்பிச் செய்யும் குற்றம்.

நாதஸ்வரம் வெட்டவெளிக்காகப் பிறந்த வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்கிறார்கள். பழைய வீடுகளின் உத்திரமாகவும் தூணாகவும் இருந்து பல்லாண்டு காய்ந்த மரத்தைத் தேடி எடுப்பது அவர்கள் வழக்கம். நீரில் நின்ற மரமும் அழுகிய மரமும் ஆகாது என்ற பழைய விதி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேரோடும் நான்கு வீதிகளையும் தன் மூச்சாலேயே நிரப்பக்கூடிய அந்த வாத்தியத்தின் வாயில் இன்று மைக்கைக் கட்டுகிறோம். மைக்கின் மறுமுனையில் அரசாணைகள் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்றும் ஊர் குழாய் ஸ்பீக்கர் என்றும் சொல்கிற தகரப் புனல். ஒரு வாட்டுக்கு 100 டெசிபலைத் தாண்டக் கூடியது. கீழோசை அதில் ஏறவே ஏறாது. நடுவோசையை மட்டும் பிடித்து எட்டு ஊருக்கு எறியும். ராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாயனத்தை எடுத்து, வாத்தியத்தின் சுருதியை இறக்கி, அதற்கொரு கனத்தைக் கொடுத்தார். தகரப் புனல் அந்தக் கனத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் நம் காதில் அறைகிறது.

இதன் விளைவு ஓசைக்கேட்டோடு நிற்கவில்லை. புனல் வழியாக மட்டுமே நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது இரைச்சலின் மறுபெயர். கல்யாண வீட்டில் மேளம் தொடங்கியதும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போவதைப் பார்க்கிறோம். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் காதில் விழுந்தது நாதஸ்வரமே இல்லை. இரைச்சலுக்கு எதற்கு ஆள் என்று கேட்ட கோயில்களில், மோட்டார் சுழன்று பறையும் மணியும் அடிக்கும் மின்மேளப் பெட்டி சந்நிதிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறுகாலப் பூசைக்கும் வாசித்துவந்த குடும்பங்கள் இருந்த ஊர்களில் இது நடக்கிறது. ஓசையின் தரத்தைப் பற்றிய பேச்சு மேல்தட்டு மனிதர்களின் பொழுதுபோக்கு என்பவர்கள், இந்தக் குடும்பங்களின் பிழைப்பு எதனால் போயிற்று என்று யோசிக்க வேண்டும். கேட்பவன் காது மழுங்கிய இடத்தில் வாசிப்பவனுக்கு வேலை இருக்காது.

சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டின. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005 ஜூலையில் உச்சநீதிமன்றமும் விரிவாகத் தீர்ப்பளித்தது. ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் வந்து பார்ப்பவர்களுக்கு அந்த விதிகளின் கதி தெரியும். ஆனால் நம் வாதம் போலீஸ்காரரை நம்பியது அல்ல. 55 டெசிபலுக்குள் அடக்கிவைத்தாலும் தகரப் புனலில் வருவது செம்பகைதான்.

*

இங்கே ஒரு கடுமையான எதிர்வாதம் உண்டு. அதைத் தாண்டிக் குதித்துப் போவது நேர்மையாகாது. குழாய் ஸ்பீக்கர் வருமுன் இந்த டெல்டாவில் யார் கச்சேரி கேட்டார்கள்? 1939-க்கும் 1947-க்கும் இடையே ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை கோயில் வாசலுக்கு இப்பால் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? நடவு நட்ட பெண்களுக்கும் பண்ணையாட்களுக்கும் சந்நிதியின் மல்லாரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தகரப் புனல்தானே? மேடைப்பேச்சைச் சேரிவரைக்கும் எடுத்துச் சென்று அரசியலை மாற்றியதும் அதுதானே? இப்போது ஓசை நயம் பேசி அதை இறக்கச் சொல்வது, பழைய அடைப்பை வேறு பெயரில் மீண்டும் கட்டுவதாகாதா?

இந்தக் கேள்வியின் நியாயத்தை முழுவதும் ஒப்புக்கொள்கிறோம். குழாய் ஸ்பீக்கருக்கு டெல்டா பட்ட கடன் உண்மையானது. சபாவின் நாற்காலியில் உட்கார்ந்து அதை இகழ்கிறவர்களோடு நமக்கு உறவில்லை. ஆனால் கடன் எதற்காகப் பட்டோம் என்பதை மறந்துவிடலாகாது. கேட்க விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்குக் கேட்கக் கொடுத்ததற்காகவே பட்டோம். இன்று அந்தப் புனல் யாருக்கு எதைக் கொடுக்கிறது? சட்டைப்பையில் இருக்கும் செல்பேசி எந்தத் தெருவுக்கும் எந்தப் பாட்டையும் கொண்டுவந்து விடுகிறது. தடுக்கப்பட்டவருக்கு வழிவிட்ட கருவி, இப்போது மறுக்க விரும்புபவரின் காதிலும் திணிக்கும் கருவியாகிவிட்டது. புனல்களில் பெரும்பாலானவை அதிகாரமும் பணமும் உள்ளவர்களின் விழாக்களில் கட்டப்படுகின்றன. எதிர்வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கோ மறுநாள் பரீட்சை எழுதும் பிள்ளைக்கோ அதை நிறுத்தச் சொல்ல நாதியில்லை.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். மக்களின் ஓசைக்கருவி என்று ஒன்றைத் தேடினால் அது பானை ஸ்பீக்கர். குயவர் செய்த பானை, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கோன், மெக்கானிக்கின் கைத்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த எல்லாருக்கும் ஒரே பாட்டை ஒரே அளவில் கொடுத்தன. பேச்சுக்குக் குறுக்கே வராத அளவு அது. பிடித்தவர் காதைக் கொடுத்தார், பிடிக்காதவர் தினத்தாளைப் புரட்டினார். இழந்ததை மீட்கவேண்டுமென்றால் அந்த அளவை மீட்கவேண்டும்.

*

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல.

கோயில்களும் விழாக் குழுக்களும் ஒரு நாள், ஒரு கால பூசைக்காவது நாதஸ்வரத்துக்கு முன்னாலிருந்து மைக்கை எடுக்கட்டும். வாத்தியக்காரருக்குக் கொடுக்கும் தொகை மைக் செட்டுக்குக் கொடுக்கும் தொகையை விடக் குறையாதிருக்கட்டும். மின்மேளம் இருக்கும் சந்நிதிகளில் அதன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரு மேளக்காரரையாவது அழைக்கட்டும்.

தமிழ்த்துறைகள் வேனிற்காதையை நடத்தும் நாளில் வகுப்பறைக்கு ஒரு ஒலிப்பெட்டியைக் கொண்டுவரட்டும். எட்டு அங்குலக் கோனும் நான்கு பலகையும் போதும், பல்கலைக்கழக மானியம் வேண்டியதில்லை. ஒரு பதிகத்தை ஒலிக்கவைத்து, இங்கே கூடம் எது, அதிர்வு எது என்று மாணவர்களைக் கேட்கட்டும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு அந்த ஐந்து மதிப்பெண்ணைக் கொடுக்கலாம். செம்பகையைத் தன் காதால் ஒருமுறை பிடித்தவன் அச்சொல்லை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் தேனையும் பாலையும் சில காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தப் பெட்டியில், எந்த அறையில், எவ்வளவு சத்தத்தில் கேட்டோம் என்பதை முதலில் எழுதட்டும். பிறகு குற்றத்தைச் சொல்லட்டும். குற்றம் சொல்லத் தெரிந்தவனின் பாராட்டுக்குத்தான் மதிப்பு உண்டு.

எங்கள் பெட்டிகளின் குற்றங்களை மேலே நாங்களே வரிசைப்படுத்தியிருக்கிறோம். மறுக்க விரும்புகிறவர்கள் விலைப்பட்டியலோடு வரவேண்டாம். ஒரு ஓதுவார் பதிவோடு வரட்டும். ழகரம் எந்தப் பெட்டியில் ழகரமாக ஒலிக்கிறது என்பதைப் பாய்விரித்து உட்கார்ந்து சேர்ந்தே கேட்போம்.